நெல்லிக்கனி பட்டனும் நம்மூர் கட்டைவிரலும்

ஏன்டா பேராண்டி, பட்டனோட மூலை வட்டமா இருக்கணுமா சதுரமா இருக்கணுமான்னு உங்க பெங்களூரு கம்பெனியில ஆளாளுக்கு லேப்டாப்பைத் தொறந்து வெச்சுக்கிட்டு மீட்டிங் போட்டீங்களாமே? உங்க அம்மா சொன்னா. "எம்மவன் ஐ.டி.ஐ. பசங்க படிக்கிற ஆப்புக்குப் பட்டன் வரையறான்"னு காரிமங்கலம் சந்தையில கத்திரிக்கா விக்கிறவ வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்கா. எனக்கும் பெருமைதான். நம்ம வகையறாவுல சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரிஞ்ச ஆம்பளையே இதுவரைக்கும் கெடையாது. நீ ஒரேயடியா பட்டனுக்கே அதிகாரி ஆயிட்டே.

நீ அனுப்புன ஆப்பை நானும் நோண்டிப் பாத்தேன். ஐ.டி.ஐ.யில பிட்டர் டிரேடுக்கு ஜே.டி.ஓ.வா, அதான் இளநிலைப் பயிற்சி அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவன்ங்கற முறையில நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்குது. உன் தாத்தன்ங்கற முறையில நாப்பது வார்த்தை சொல்லவும் உரிமை இருக்குது. கசந்தா துப்பிடு, ஆனா கேட்டுட்டுத் துப்பு.

மொதல்ல புடிச்சதைச் சொல்லிடறேன். இல்லன்னா கெழவன் குத்தம் கண்டுபுடிச்சே பொழுது போக்கறான்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவே. 'விடையைப் பார்'னு ஒரு பட்டன் வெச்சிருக்கே பாரு, அடேங்கப்பா! கேள்விக்கு நேர் கீழ, நல்ல பச்சையில, கட்டைவிரல் தானாப் போய் விழுற எடத்துல. பென்னாகரத்துல பஸ் ஏறுற பையன் இண்டூர் வர்றதுக்குள்ள அம்பது கேள்வியை முடிச்சுடுவான். கேள்வியைப் படிக்க வேணாம், நாலு விடையைப் படிக்க வேணாம், பச்சையை அமுக்கு, 'அடுத்து'ங்கறதை அமுக்கு, பச்சையை அமுக்கு. பையனுக்கும் சந்தோஷம், உனக்கும் சந்தோஷம். 'இன்னிக்கு இத்தனை ஆயிரம் கேள்வி பயிற்சி ஆச்சு'ன்னு உன் கம்ப்யூட்டர்ல ஒரு கோடு மேல ஏறும். உங்க மேனேஜர் அந்தக் கோட்டைக் காட்டி, கோட்டுப் போட்டவன் எவன்கிட்டயாவது பணம் வாங்கிடுவாரு. பட்டனால படிச்சவன் யாருன்னு மட்டும் கேக்கப்படாது.

இந்த வித்தை நம்மூர்ப் பசங்களுக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சுக்காதே. அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல பேக்கர்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிங்களும் 2004-ல ஒரு கட்டுரை போட்டாங்க. கம்ப்யூட்டரு கிட்ட கணக்குப் படிக்கிற பள்ளிக்கூடப் பசங்களை வகுப்புலயே இருந்து கவனிச்சிருக்காங்க. சில பசங்க, 'உதவி' பட்டனை விடாம அமுக்கிக்கிட்டே போனா கடைசியில விடையே வந்து விழுந்துடும்னு கண்டுபுடிச்சுட்டாங்க. சில பேரு வரிசையா ஒவ்வொரு விடையா போட்டுப் பாத்தாங்க. அரட்டை அடிச்சவனைவிட, இப்படி மிஷினை ஏமாத்துனவனுக்குத்தான் படிப்புல அடி பலமா விழுந்திருந்துச்சாம். அந்த ஊருப் பசங்களே அப்படின்னா, பாலக்கோடு தக்காளி மண்டியில கூடைக்குக் கூடை பேரம் பேசி வளந்த பையன் உன் பட்டனை எத்தனை நிமிஷத்துல வெலைக்கு வாங்குவான்னு நீயே கணக்குப் போட்டுக்க.

அதுக்காக அந்தப் பட்டனைப் புடுங்கி எறின்னு சொல்ல வரலை. புடுங்குனா பையன் போன்லேர்ந்து உன் ஆப்பையே புடுங்கிடுவான். அவன் ஒரு விடையைத் தொட்டதுக்கு அப்புறந்தான் அந்தப் பட்டன் மொளைக்கணும், அவ்வளவுதான். சரியோ தப்போ, மொதல்ல அவன் வாயைத் தொறக்கட்டும்.

நீ என்னமோ ஐ.டி.ஐ. படிப்பை நீதான் போனுக்குள்ள கொண்டாந்தவன் மாதிரி பேசறே. சென்னை கிண்டியில நிமின்னு ஒரு எடம் இருக்குது, தெரியுமா? தேசியப் பயிற்சிப் பாடப்பொருள் நிறுவனம். 1986 டிசம்பர்ல ஜெர்மனிக்காரங்க ஒத்தாசையோட ஆரம்பிச்சது. நாடு பூரா ஐ.டி.ஐ. பசங்க புரட்டுற புஸ்தகம் அங்கதான் தயாராவுது. மாதிரித் தேர்வுக்கு அவங்களே ஆப்பும் போட்டிருக்காங்க. டெல்லிக்காரங்க 2019 அக்டோபர்ல 'பாரத் ஸ்கில்ஸ்'னு ஒண்ணு தொறந்தாங்க. டிரேடு டிரேடா புஸ்தகம், வீடியோ, கேள்வி வங்கி எல்லாம் அதுல காசு இல்லாமக் கெடக்குது. ஆக, பாடமும் அவங்ககிட்ட, கேள்வியும் அவங்ககிட்ட. உன்கிட்ட இருக்கறது பட்டன் ஒண்ணுதான். அதையாவது ஒழுங்கா வெச்சுட்டுப் போ கண்ணு.

இன்னொரு கணக்கும் கேட்டுக்க. ஐ.டி.ஐ. பரீட்சையில தியரிக்கு நூத்துக்கு 33 எடுத்தா பாஸு, பிராக்டிகலுக்கு 60 எடுக்கணும். தியரிங்கறது இப்ப கம்ப்யூட்டர்ல நாலு விடையில ஒண்ணைத் தொடுற பரீட்சை. கண்ணைக் கட்டிக்கிட்டு நம்ம எருமைக்கன்னு மூக்கால தொட்டாலே சராசரியா 25 வந்துடும். எருமைக்கன்னுக்கும் பாஸுக்கும் நடுவுல எட்டு மார்க்குதான். அந்த எட்டு மார்க்கை வாங்கிக் குடுக்கறதுதான் உன் ஆப்போட லட்சியம்னா, இப்ப வெச்சிருக்கற பட்டனே போதும். நான் இத்தோட வாயை மூடிக்கறேன். கடகத்தூர் ஐ.டி.ஐ.யில, அரூர் ஐ.டி.ஐ.யில படிச்சுட்டு வர்ற பையனை ஓசூர்ல ஒருத்தன் வேலைக்கு வெச்சுக்கணும்ங்கறது லட்சியம்னா, மேல கேளு.

இந்தப் பயிற்சிப் பட்டன் சமாச்சாரம் நூறு வருஷப் பழசு. அமெரிக்காவுல ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல பிரெஸ்ஸின்னு ஒரு மனோதத்துவ வாத்தியாரு 1920-கள்லயே ஒரு பெட்டி செஞ்சாரு. டைப்ரைட்டர் உருளை மாதிரி ஒண்ணுல கேள்வித்தாள் சுத்தும், பக்கத்துல நாலு பட்டன். ஒண்ணை அமுக்குனா அடுத்த கேள்வி வரும், உள்ள மார்க்கை எண்ணிக்கும். இது பரீட்சை வைக்கிற விதம். பின்னால ஒரு நெம்புகோல் இருந்துச்சு. அதைத் திருப்பிட்டா பெட்டி வேற குணம். சரியான பட்டனை அமுக்கற வரைக்கும் கேள்வி நகராது. பரீட்சை வைக்கறதுக்கும் சொல்லிக் குடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நெம்புகோல்ல அடங்கிப்போச்சு. உன் ஆப்புல 'பயிற்சி'ன்னு ஒரு பட்டன், 'தேர்வு'ன்னு ஒரு பட்டன் இருக்குதே, ரெண்டையும் தொறந்து பாத்தேன். மேல இருக்கற கலர் மட்டுந்தான் மாறுது. உள்ள ரெண்டும் ஒண்ணுதான். பயிற்சின்னா தப்பு பண்ணவன் அங்கேயே நின்னு இன்னொருக்கா யோசிக்கணும். தேர்வுன்னா கடைசி வரைக்கும் ஆப்பு வாயைத் தொறக்கக் கூடாது. பிரெஸ்ஸி இதைத் தகரத்துலயும் கம்பியிலயும் பண்ணிக் காட்டுனாரு. உனக்கு என்னப்பா கேடு?

அதே பிரெஸ்ஸி தன் பெட்டிக்கு இன்னொரு ஒட்டும் வெச்சாரு. இத்தனை விடை சரின்னா ஒரு மிட்டாய் விழும். அந்த மிட்டாயைத்தான் நீ பேரு மாத்தி வெச்சிருக்கே: நெல்லிக்கனி! தருமபுரிக்காரன்னு காட்டிக்கணுமாம். ஒரு விடைக்கு ஒரு நெல்லிக்கனி, தெனமும் தொறந்தா அஞ்சு நெல்லிக்கனி, சிநேகிதனைச் சேத்துவிட்டா இருபது. அதியமான் கைக்குக் கெடைச்சது ஒரே ஒரு கனி, அதையும் ஔவைக்குக் குடுத்துட்டான். நீ நிமிஷத்துக்கு ஒண்ணு குடுக்கறே. தகடூர் ராஜாவையே மிஞ்சிட்டே போ. ஐ.டி.ஐ. பையனுக்கு சர்க்காரு மாசம் 750 ரூபா உதவித்தொகை குடுக்குது. அதை வெச்சு அவன் டீ குடிக்கலாம், போனுக்கு ரீசார்ஜ் பண்ணலாம். உன் நெல்லிக்கனியை வெச்சு ஊறுகாய்கூடப் போட முடியாதே. போவட்டும், குடுக்கறதுன்னே முடிவு பண்ணிட்டேன்னா, நேத்துத் தப்பாப் போட்ட கேள்வியை இன்னிக்குச் சரியாப் போட்டவனுக்கு மட்டும் குடு. ஏற்கெனவே தெரிஞ்சதைத் திரும்பத் திரும்ப அமுக்குறவனுக்கு எதுக்கு?

"பசங்களுக்கு விடையைப் படிச்சுப் பாக்கறதுதான் புடிச்சிருக்கு தாத்தா, கருத்துக்கணிப்புல சொல்றாங்க"ன்னு நீ சொன்னே. சொல்லத்தான் செய்வாங்க. ரோடிகர், கார்ப்பிக்குன்னு ரெண்டு பேரு 2006-ல இதைச் சோதிச்சாங்க. ஒரே பாடத்தை ஒரு கூட்டம் ரெண்டு தடவை படிச்சுது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படிச்சுட்டு, புஸ்தகத்தை மூடி, நெனவுல இருக்கறதை எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா படிச்ச கூட்டம் ஜெயிச்சுது, நூத்துக்கு 81, எழுதிப் பாத்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டாங்க. படிச்சவங்க 42, எழுதிப் பாத்தவங்க 56. நீ கருத்துக்கணிப்பு எடுத்தது அஞ்சாவது நிமிஷத்துல. பரீட்சையும் வேலையும் வர்றது ஏழாவது நாளுக்கு அப்புறம்.

இப்ப உன் 'தவறு' பட்டனுக்கு வரேன். சிவப்புல ஒரு பெருக்கல் குறி, கீழ 'மன்னிக்கவும், தவறான விடை'. யாரு யாரை மன்னிக்கறது? வெர்னியர் கேள்வி ஒண்ணு போட்டுப் பாத்தேன். மெயின் ஸ்கேல் 32 மில்லிமீட்டர், வெர்னியர்ல 14-வது கோடு ஒத்துப்போவுது, மீச்சிற்றளவு 0.02. அளவு என்ன? விடை 32.28. மத்த மூணு விடையா நீ போட்டிருக்கறது 18, 97.5, 200. ஏன்டா, 32-ல ஆரம்பிக்கறது ஒரே ஒரு விடைதான்னா மத்ததை எந்த மடையன் தொடுவான்? வெர்னியரைக் கண்ணால பாக்காதவன்கூட 32.28-ஐத் தொட்டுட்டு நெல்லிக்கனி வாங்கிட்டுப் போயிடுவான்.

பட்டறையில நின்னவனைக் கேட்டா தப்பு எங்கெங்க வரும்னு சொல்லுவான். ஒரு பையன் 14-ஐ அப்படியே புள்ளிக்கு அப்புறம் ஒட்டிடுவான், 32.14 வரும். இன்னொருத்தன் போன வாரம் வேற கருவியில 0.05 பாத்த ஞாபகத்துல பெருக்குவான், 32.70. மூணாமவன் பெருக்கவே மாட்டான், கூட்டிடுவான், 46. இந்த மூணையும் பட்டனா வெச்சுப் பாரு. அப்ப அவன் எதைத் தொட்டான்ங்கறதே அவன் மண்டைக்குள்ள என்ன கோளாறுன்னு உனக்குச் சொல்லிடும். 32.14-ஐத் தொட்டவனுக்கு 'மன்னிக்கவும்' வேணாம். '14 கோடுன்னா 14 தடவை 0.02. பெருக்கிட்டுத் திரும்பி வா'ன்னு ரெண்டு வரி போதும். 0.02 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டான்னா, கீழ ஒரு படம் காட்டு. 49 மில்லிமீட்டரை 50 கூறு போட்டா ஒரு கூறு 0.98, ஒண்ணுக்கும் அதுக்கும் வித்தியாசம் 0.02. தப்பான பட்டனுக்குத்தான் டிசைனு வேணும். சரியான பட்டனைத் தொட்டவன் எப்படியும் பொழைச்சுக்குவான்.

வட்ட மூலையா சதுர மூலையான்னு மீட்டிங் போட்டவங்க, எத்தனை மில்லிமீட்டர்னு மீட்டிங் போட்டீங்களா? என் ஸ்டீல் ரூலை எடுத்து உன் ஆப்பு மேல வெச்சுப் பாத்தேன். விடைப் பட்டன் உசரம் 5 மில்லிமீட்டர். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 1 மில்லிமீட்டர்கூடத் தேறலை. பைல் புடிச்சுக் காய்ச்சுப்போன கட்டைவிரல் பாத்திருக்கியா? ஒரு அமுக்குக்கு ரெண்டு பட்டனை மூடும். தெரிஞ்ச விடையைத் தொடப் போயி தெரியாத விடைக்கு மார்க்கு போயிடும். கூகுள்காரங்களே தொடுற எடம் 48 டிபி, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் இருக்கட்டும்ங்கறாங்க. ஆப்பிள்காரங்க 44 பாயின்ட்டுங்கறாங்க. இதுக்கு வேர் எங்கேன்னா, பிரெஸ்ஸி இருந்த அதே ஓஹாயோவுல ஃபிட்ஸ்னு ஒருத்தரு 1954-ல கணக்காவே போட்டுக் குடுத்துட்டாரு. தொடவேண்டியது சின்னதா ஆவ ஆவ, தூரமா போவப் போவ, கை போய்ச் சேர நேரம் கூடும்னு. அதைச் சொல்ல ஒரு பேராசிரியர் எதுக்குன்னு கேப்பே. உன் ஆப்பைப் பாத்தா ஏன்னு புரியும்.

அளவு மட்டும் போதாது, ஒரு பட்டனுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமும் தெரியணும். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்காவுல சில ரக விமானங்க பத்திரமா தரையெறங்குனதுக்கு அப்புறம் வயித்துல தேச்சுக்கிட்டு நின்னுச்சாம். விமானி மேல பழி. சாப்பானிஸ்னு ஒருத்தரு போய்ப் பாத்தா, எறக்கை மடலுக்கும் சக்கரத்துக்கும் ஒரே மாதிரி ரெண்டு கைப்பிடி பக்கத்து பக்கத்துல இருந்திருக்குது. மடலை மடக்கறதா நெனச்சு சக்கரத்தை மடக்கிப்புட்டாங்க. அவரு சக்கரக் கைப்பிடியில குட்டியா ஒரு ரப்பர் சக்கரத்தை மாட்டுனாரு, மடல் கைப்பிடியில ஒரு ஆப்பு. நான் சொல்றது மர ஆப்புடா, உன் ஆப்பு இல்லை. கை தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு, கோளாறு நின்னுச்சு. நீ 'அடுத்த கேள்வி'யையும் 'தேர்வை முடி'யையும் ஒரே அளவு, ஒரே நெறத்துல ஒட்டி வெச்சிருக்கே. பன்னெண்டாவது கேள்வியிலயே எனக்குப் பரீட்சை முடிஞ்சுபோச்சு. 'வாழ்த்துகள்'னு வேற வந்துச்சு.

அமெரிக்கா எதுக்கு, நம்ம கெணத்துமேட்டு மோட்டார் ரூமுக்குப் போ. ஸ்டார்ட்டர் பெட்டியில ரெண்டு பட்டன் இருக்குது. பச்சை ஸ்டார்ட்டு விளிம்போட விளிம்பா அமுங்கி இருக்கும். முதுகு பட்டாலோ துண்டு பட்டாலோ மோட்டார் ஓடிடக் கூடாது, வேணும்னு வெரல் வெச்சாத்தான் ஓடணும். செவப்பு ஸ்டாப்பு துருத்திக்கிட்டு நிக்கும். இருட்டுல பதறிப் போய் உள்ளங்கையால அடிச்சாலும் நிக்கணும். திரும்பி எடுக்க முடியாத வேலைக்குப் பட்டன் அடக்கமா இருக்கணும், ஆளைக் காப்பாத்தற வேலைக்குத் துருத்திக்கிட்டு நிக்கணும்னு எவனோ ஒரு புண்ணியவான் யோசிச்சு வெச்சிருக்கான். உள்ள தொறந்து பாத்தா இன்னும் சூட்சுமம். ஸ்டார்ட்டு, அமுக்கும்போது மட்டும் சேர்ற காண்டாக்ட். ஸ்டாப்பு, எப்பவும் சேந்தே இருந்து அமுக்கும்போது பிரியற காண்டாக்ட். ஏன் அப்படி? எலி ஸ்டாப்பு கம்பியைக் கடிச்சுட்டா மோட்டார் தானா நின்னுடும், 'நிறுத்த முடியலையே'ன்னு ஓட வேணாம். ஸ்டார்ட்டை விட்டதுக்கு அப்புறமும் மோட்டார் ஓடுதே, அதுக்கு ஹோல்டிங் காண்டாக்ட்னு ஒண்ணு கூடவே ஒட்டிக்குது. 'வெரல் வெச்சிருந்தா ஓடுது, எடுத்தா நிக்குது, கோளாறு எங்கே?'ன்னு கேளு. எலக்ட்ரீசியன் பையனுக்கு இதைவிட நல்ல கேள்வி கெடையாது. அவன் ஊட்டு மோட்டார்லயே நடந்திருக்கும். அப்பன்கிட்ட திட்டும் வாங்கியிருப்பான்.

கம்பி அறுந்தா மோட்டார் ஒழுங்கா நிக்குது. நெட்டு அறுந்தா உன் ஆப்பு என்ன பண்ணுது? அதுவரைக்கும் போட்ட பதிலையெல்லாம் முழுங்கிட்டு முதல் கேள்வியில வந்து நிக்குது. பெங்களூருல உனக்கு சிக்னல் தாராளமாக் கெடைக்குது. சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் பஸ் ஏறிப் பாரு. ஒரு வளைவுல வரும், அடுத்த வளைவுல போவும். அமுக்குன பதிலை அந்தக் கணமே போனுக்குள்ளயே எழுதி வெச்சுடணும், சிக்னல் வந்தப்ப மேல அனுப்பிக்கட்டும். கேள்வியையும் காலையில ஐ.டி.ஐ. வாசல்ல இருக்கும்போதே எறக்கி வெச்சுக்க ஒரு பட்டன் குடு.

சிவப்பு-பச்சையைப் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாத கண்ணு ஆம்பளைப் பசங்கள்ல கொஞ்சம் பேருக்கு உண்டு. கலரை மட்டும் நம்பாதே, பக்கத்துல ஒரு 'டிக்'கும் ஒரு சொல்லும் போடு. எலக்ட்ரீசியன் டிரேடுல அந்தக் கண்ணோட ஒருத்தன் உக்காந்திருந்தா, அதை உன் ஆப்பு மூலமா அவன் கண்டுபுடிச்சான்னா, அது வேற புண்ணியம்.

நான் கேக்கற பட்டன் ஒண்ணே ஒண்ணு இருக்குது, அது உன்கிட்ட இல்லை. விடையைத் தொட்ட ஒடனே சரி தப்பு சொல்லாதே. நடுவுல ஒரு கேள்வி கேளு: 'தெரிஞ்சு போட்டியா, சந்தேகமா, குருட்டாம்போக்கா?' மூணு பட்டன். எருமைக்கன்னு எங்க மாட்டும்னா இங்கதான் மாட்டும். குருட்டாம்போக்குல சரியாப் போட்டவனுக்கு அதே கேள்வி நாளைக்கே திரும்ப வரணும். தெரிஞ்சு போட்டுச் சரியானவனுக்கு நாலு நாள் கழிச்சு வந்தாப் போதும். ஜெர்மனியில லைட்னர்னு ஒருத்தரு 1972-லயே அட்டைப்பெட்டியில தடுப்பு வெச்சு இந்த மொறையைப் பண்ணிட்டாரு, தப்பாப்போன அட்டை மொத தடுப்புக்கே திரும்பிடும். ரொம்ப சுவாரசியம் 'தெரியும்'னு மார்தட்டித் தப்பாப் போட்டவன்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்துல பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-ல பாத்தாங்க. அடிச்சுச் சொல்லித் தப்பானதைத் திருத்திச் சொன்னா, தயங்கித் தயங்கிச் சொன்ன தப்பைவிட நல்லா மனசுல ஏறுதாம். எனக்கு ஆச்சரியமில்லை. தெனாவெட்டா 'இது சிக்ஸ் எம்.எம். டேப்பு'ன்னு சொல்லி எட்டு எம்.எம்.மை நீட்டுன பையன், ஊரே சிரிச்சதுக்கு அப்புறம் டேப்பு சைஸை வாழ்நாள்ல மறக்கலை. உன் ஆப்பு சிரிக்க வேணாம், 'அடிச்சுச் சொன்னியே'ன்னு ஒரு வரி போட்டாப் போதும்.

ஆனா ஒண்ணு மறந்துடாதே. பிராக்டிகலுக்கு 60. ஹாக்சா பிளேடுல பல்லு எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்ங்கறதுக்குப் பட்டன் உண்டு. 'முன்பக்கம்'னு தொட்டுட்டுப் போயி, பட்டறையில பின்பக்கமா மாட்டிக்கிட்டு இழுத்தவனை நான் பாத்திருக்கேன். அரசாங்கம் டாடா டெக்னாலஜீஸோட சேந்து 71 அரசு ஐ.டி.ஐ.யை 2,877 கோடி ரூபாயில புதுசாக்கத் திட்டம் போட்டுச்சு. ரோபோவும் சி.என்.சி.யும் உள்ள வந்து நிக்குது. அந்த மிஷினுக்குப் பக்கத்துல பையன் நிக்காம, அதோட படத்தை உன் ஆப்புல தொட்டுக்கிட்டு இருந்தா யாருக்கு லாபம்? ஆகவே பத்து கேள்விக்கு ஒருக்கா 'பட்டறைக்குப் போ'ன்னு ஒரு பட்டன் வை. அதை அமுக்குனா ஒரு வேலை வரணும்: 'உன் ஜாபை மூணு எடத்துல அளந்து, மூணு அளவையும் இங்க எழுது.' எழுதணும், தொடறதுக்கு நாலு விடை குடுக்காதே. மூணு அளவும் அச்சு அசலா ஒண்ணா இருந்துச்சுன்னா, ஒண்ணு பைலிங் அபாரம், இல்லன்னா பையன் பட்டறைப் பக்கமே போவலை. எதுன்னு அவன் ஜே.டி.ஓ.வுக்குத் தெரியும். உன் ஆப்புக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் வேணாம்.

"இதெல்லாம் சரின்னு எப்படி தாத்தா நம்பறது?"ன்னு கேப்பே. நம்பாதே. திங்கக்கெழமை லீவு போட்டுட்டு வா, கடகத்தூர் ஐ.டி.ஐ. விடற நேரத்துக்குப் பக்கத்து டீக்கடையில உக்காரு. அஞ்சு பசங்களைப் புடி. நீல்சன்னு ஒருத்தரு 2000-ல எழுதியிருக்காரு, அஞ்சு பேரை வெச்சுப் பாத்தாலே கோளாறுல பெரும்பகுதி வெளிய வந்துடும்னு. ஒவ்வொருத்தன் கையிலயும் போனைக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இரு. 'அங்க அமுக்கு, இங்க அமுக்கு'ன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாலும் செல்லாது. உனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், உங்கப்பன் வழி அப்படி. வாயில போண்டாவைத் திணிச்சுக்க, பேச்சு வராது. கண்ணை மட்டும் அவன் கட்டைவிரல் மேல வெச்சுக்க. அது எங்க தயங்குது, எங்க தப்பா விழுது, எங்க யோசிக்காம ஓடுது, அதை மட்டும் குறிச்சுக்க.

டீ, போண்டா செலவு உன்னது. கம்பெனியில 'பயனர் ஆய்வு'ன்னு கணக்கு எழுதிக்க, மீட்டிங்குக்கு ஆன காபிக்காசைவிடக் கொறைச்சலாத்தான் இருக்கும். பில்லு கேப்பாங்க. டீக்கடையில ஏது பில்லு? போண்டா மடிச்சுக் குடுத்த தாள்லயே நான் கையெழுத்துப் போட்டுத் தரேன், ரிட்டயர்டு ஜே.டி.ஓ.ன்னு. எண்ணெய்ப் பிசுக்கா இருக்கும். உங்க மேனேஜரை மொதல்ல கை தொடைச்சுக்கச் சொல்லு.